நுகர்வோர் கேள்வி – பதில்: ஒரே பிளேடு, இரண்டு விலை

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறேன். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் ஒரே நிறுவனத்தின் இரண்டு ரேசர்களைப் பார்த்தேன். ஆண்களுக்கான நீல நிற ரேசர் 45 ரூபாய்; பெண்களுக்கான ரோஸ் நிற ரேசர் 70 ரூபாய். இரண்டிலும் இரண்டு பிளேடுகள்தாம். கேட்டால், “கம்பெனி போட்ட விலைம்மா” என்கிறார் கடைக்காரர். பெண்கள் பொருளுக்கு அரசு தனி வரி போடுகிறதா? இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: தனி வரி எதுவும் இல்லை. ஜி.எஸ்.டி. பொருளின் வகையைப் பார்த்து விதிக்கப்படுவதே தவிர, வாங்குபவர் ஆணா பெண்ணா என்று பார்த்து அல்ல. இரண்டு ரேசருக்கும் ஒரே விகிதம்தான். அதிகபட்ச சில்லறை விலையை அச்சிடுவது உற்பத்தியாளர் என்பதால், கடைக்காரர் சொன்னதும் சரியே. அந்த 25 ரூபாய் வித்தியாசம் நிறுவனத்தின் முடிவு.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. நியூயார்க் நகரின் நுகர்வோர் விவகாரத் துறை 2015-இல் ஏறத்தாழ 800 பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெண்களுக்கும் சிறுமிகளுக்குமானவை சராசரியாக 7 விழுக்காடு கூடுதல் விலையில் இருந்தன. ஷாம்பு, ரேசர் போன்ற உடல் பராமரிப்புப் பொருள்களில் இது 13 விழுக்காடாக இருந்தது. வாசனை வேறு, கைப்பிடி வேறு என்று நிறுவனங்கள் காரணம் சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது: உட்பொருள்கள் ஒன்றாகவே உள்ளவற்றை மட்டும் ஒப்பிட்ட பிந்தைய அமெரிக்க ஆய்வொன்றில் வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிட்டது. ஆனால், உட்பொருளைச் சற்றே மாற்றித் தனி அலமாரியில் அடுக்கிவிட்டால் இரண்டையும் யாரும் அருகருகே வைத்துப் பார்க்கமாட்டார்கள் என்பதும் விற்பவர்களுக்குத் தெரியும்.

கணிசமாக ஒரே மாதிரியான பொருள்களுக்குப் பாலின அடிப்படையில் வெவ்வேறு விலை வைப்பதை நியூயார்க் மாநிலம் 2020-இல் தடை செய்தது. கலிபோர்னியாவில் அத்தகைய சட்டம் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 15(1) பிரிவு அரசு பாகுபாடு காட்டுவதைத்தான் தடுக்கிறது. தனியார் நிறுவனம் வைக்கும் விலை அதற்குள் வராது. இங்கும் அந்தச் சட்டம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதியில் விடுதிக் கட்டணமும் கட்டும் உங்களைப் போன்ற பெண்களிடம் மாதாமாதம் இப்படிக் கூடுதலாக வாங்குவது நியாயமே இல்லை.

சட்டம் வரும்வரை, பொட்டலத்தின் மீது அச்சிடப்பட்டிருக்கும் அலகு விலையைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, பெண்களுக்கான 50 கிராம் க்ரீம் 150 ரூபாய், ஆண்களுக்கான 75 கிராம் க்ரீம் 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் எடுத்தால் முதலாவதுதான் மலிவாகத் தெரியும். கிராமுக்கு என்று பார்த்தால் அது 3 ரூபாய். மற்றது 2 ரூபாய் 40 காசு. உட்பொருள் பட்டியலையும் ஒத்துப் பாருங்கள்; பெரிய வேறுபாடு இல்லையென்றால் ஆண்கள் அலமாரியிலிருந்தே தயங்காமல் எடுங்கள். ரேசருக்கும் இதுவே பொருந்தும்.

கேள்வி: சட்டை தைப்பதைவிட, லைனிங் வைத்த ரவிக்கைக்குத் தையல் கூலி அதிகம். இதுவும் பாகுபாடுதானா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. லைனிங், கொக்கி, அளவு பிசகாத வெட்டு என்று வேலையும் நேரமும் மாறும்போது கூலியும் மாறும். ஒரே வேலைக்கு இரண்டு கூலி கேட்டால்தான் அது பாகுபாடு.

கேள்வி: சானிட்டரி நாப்கினுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் “டாக்ஸ்” என்று சேர்த்து ஒரு கடையில் வாங்கினார்கள். யாரிடம் புகார் செய்வது?
– வாசகி, பாலக்கோடு

பதில்: அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உட்பட்டது, அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். மேலும், தொடக்கத்தில் 12 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி.யிலிருந்து நாப்கினுக்கு 2018 ஜூலையில் முழு விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. எனவே உங்களிடம் வாங்கியது இல்லாத வரி. பில்லையும் காலி உறையையும் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்தும் தொழிலாளர் துறையின் தருமபுரி அலுவலகத்திலும் எழுத்து மூலம் கொடுங்கள். இழப்பீடு வேண்டுமென்றால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.