வராதவரின் வீரன் என்ன ஆவான்?

குன்னூரில் நெடுநாளாக ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக இருந்து வாரக்கணக்கில் தொடரும் கதையாட்டம்) ஆட்டம் நடத்திவரும் அக்காவிடம் கேட்டவை.

கேள்வி (கோத்தகிரி): அக்கா, ஐந்து பேர் விளையாடுகிறோம். ஐப்பசி மழையில் சாலையில் மண் சரிந்தால் இரண்டு பேரால் வர முடிவதில்லை. ஆட்டத்தைத் தள்ளி வைக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இரண்டு முறை தள்ளினால் கதை யாருக்கும் நினைவிருக்காது. மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு என்று முன்பே பேசி வையுங்கள். அதைவிட முக்கியம், அன்றைய ஆட்டத்தை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது. குகைக்குள், ஓங்கிய வாளோடு நிறுத்தினால், அடுத்த வாரம் வராதவரின் வீரன் எங்கே மாயமானான் என்று சாக்குத் தேட வேண்டும். குழு ஊர் திரும்பியதும் நிறுத்தினால் அந்தத் தொல்லையே இல்லை. அடுத்த முறை யார் வருகிறார்களோ அவர்கள் புறப்படுவார்கள். ஆட்ட வடிவமைப்பாளர் பென் ராபின்ஸ் நடத்திய ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ ஆட்டம் இப்படித்தான் நடந்தது. நிலையான குழுவும் இல்லை, நிலையான நாளும் இல்லை. நாள் குறிப்பதே ஆட்டக்காரர்கள்தான். நம் மலைப்பாதைகளுக்கென்றே யோசித்தது போல இருக்கிறது!

கேள்வி (ஊட்டி): எங்களில் ஒருவர் விடுதி நடத்துகிறார். சீசன் என்று மே மாதம் முழுக்க வரமாட்டார். அவருடைய மந்திரவாதியை நானே ஆடலாமா?

பதில்: அவர் சம்மதித்தால் ஆடலாம். அஞ்சலட்டை அளவு தாளில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்: சண்டையில் வழக்கமாக என்ன செய்வான், எதைச் செய்யவே மாட்டான், எந்த மந்திரத்தைக் கடைசிவரை சேமிப்பான். என்னிடம் உள்ள ஒரு தாளில், ‘பேரம் பேச விடாதீர்கள், ஏமாந்துவிடுவான்’ என்று இருக்கிறது. ஆனால் ஒரு மாதம் என்பது நீளம். மலர்க் கண்காட்சி முடியும்வரை அவனை ஏதாவது மடத்தில் சுவடி படிக்க விட்டுவிடுங்கள். ஆள் இல்லாதபோது வீரனைச் சாகடிப்பது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி (கூடலூர்): வீரனின் நிலையை உயர்த்தும் அனுபவப் புள்ளி, வராதவருக்கும் உண்டா?

பதில்: 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஆட்டம் நடத்துபவருக்கான கையேட்டின்படி வழக்கமாக இல்லை. இரண்டு மூன்று நிலை வித்தியாசம் ஆட்டத்தைக் கெடுக்காது என்றும், விரும்பினால் எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. நான் கொடுத்துவிடுவேன். பஸ் ஓடாததற்கு அவரா பொறுப்பு? புதையலை வேண்டுமானால் வந்தவர்கள் பிரித்துக்கொள்ளட்டும்.

கேள்வி (அரவங்காடு): ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறாரே?

பதில்: தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். கதைக்குள் அவர் வீரனைத் தண்டித்துக் கோபம் தீர்த்துக்கொள்வது சின்னத்தனம். ஆர்வம் போயிருந்தால், வீரன் ஊரில் கடை போட்டுவிட்டான் என்று சொல்லி, இடத்தை வேறொருவருக்குக் கொடுங்கள். மனம் மாறி வந்தால் கடையைப் பூட்டிவிட்டுச் சேர்ந்துகொள்ளட்டும்.