ஓலெட் டிவியில் லோகோ அச்சு விழுந்துவிடுமாமே? எத்தனை வருஷம் உழைக்கும்?

கேள்வி: "55 இன்ச் ஓலெட் டிவி வாங்கலாம் என்று இருக்கிறோம். கடையில் படம் பிரமாதமாக இருந்தது. ஆனால் ஆபீஸில் ஒருவர், 'ஸ்கிரீன் பர்ன்-இன் ஆகிவிடும், கிட்டவே போகாதே' என்கிறார். வீட்டில் மாமனார் நாள் முழுக்க நியூஸ் பார்ப்பார். ஐந்து வருஷமாவது தாங்குமா?"

'மாமனார்', 'நாள் முழுக்க நியூஸ்' இரண்டையும் ஒரே வரியில் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த நாற்காலியில் இருப்பவர் என் அப்பா.

நங்கநல்லூர் வீட்டுக்கு 2020 தீபாவளி சமயம் ஒரு 55 இன்ச் ஓலெட் வாங்கினோம். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், இந்தக் கதை எந்தக் கம்பெனி டிவியிலும் நடந்திருக்கும். அப்பா ரிட்டையர் ஆனவர். காலை காபியோடு ஒரு செய்திச் சேனலை வைத்தால் மதியச் சாப்பாடு வரை அதுதான். சாயங்காலம் மறுபடியும் அதுதான். சேனலை மாற்றினால் நாட்டில் ஏதாவது நடந்துவிடும் என்பது போல ரிமோட்டை மடியிலேயே வைத்திருப்பார்.

2024 ஐபிஎல் சமயத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. சேப்பாக்கத்தில் மேட்ச். கேமரா கேலரி பக்கம் திரும்பியதும் திரை முழுக்க ஒரே மஞ்சள். அந்த மஞ்சளுக்குக் கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு பட்டை மட்டும் லேசாகப் பச்சையடித்தது. மூலையில் ஒரு கட்டம், அதற்குள் எழுத்து மாதிரி ஏதோ. முதலில் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். அடுத்த ஷாட்டில் புல்தரை வந்ததும் எதுவும் தெரியவில்லை. மறுபடி மஞ்சள் வந்தது, மறுபடி பட்டை. "அப்பா, இது உங்க சேனல்" என்றேன். "மேட்ச் நடக்கறப்ப நான் ஏன்டா நியூஸ் வைக்கப்போறேன்" என்றார்.

சர்வீஸுக்குச் சொன்னதும் ஒரு பையன் வந்தார். யூடியூபில் திரை முழுக்க ஒரே நிறம் மட்டும் காட்டும் வீடியோவை ஓடவிட்டு, சாம்பல், சிவப்பு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிவப்பில் பட்டை அப்பட்டமாகத் தெரிந்தது. பர்ன்-இன் வாரண்டியில் வராது, பேனல் மாற்றினால் புது டிவி விலையில் முக்கால்வாசி ஆகும் என்றார். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத கேள்வி ஒன்று கேட்டார்.

"ராத்திரி டிவியை எப்படி சார் ஆஃப் பண்ணுவீங்க?"

அப்பா பெருமையாகச் சொன்னார்: "ரிமோட்டோட விட மாட்டேன் தம்பி. சுவத்துல ஸ்விட்ச்சையே அணைச்சிடுவேன். கரண்ட்டும் மிச்சம், இடி மின்னலுக்கும் பயம் இல்ல."

"அங்கதான் சார் கோட்டை விட்டீங்க."

இந்த ஒரு விஷயத்தை நம் ஊர்க் கடைகளில் யாரும் சொல்லி விற்பதில்லை. எனக்குப் புரிந்த வரை விளக்குகிறேன்.

எல்சிடி, எல்இடி டிவிகளில் பின்னால் ஒரே விளக்கு எரியும், முன்னால் இருக்கும் திரவப் படிகம் திரைச்சீலை மாதிரி வெளிச்சத்தை விடும், மறைக்கும். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற தனி விளக்கு. எரியும் பொருள் கரிமச் சேர்மம், அதாவது ஒரு வகை மூலக்கூறு. மின்சாரம் பாயப் பாய அந்த மூலக்கூறுகள் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து வெளிச்சம் குறையும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு மங்கினால் நமக்குத் தெரியவே தெரியாது. சில புள்ளிகள் மட்டும் அதிகமாக உழைத்து அக்கம்பக்கத்தை விட முந்தி மங்கினால்தான் உருவம் தெரிகிறது. பழைய கோயில் வாசற்படியில் எல்லாரும் கால் வைக்கும் நடு இடம் மட்டும் குழிந்திருக்குமே, அதே கணக்கு. பர்ன்-இன் என்ற பெயர், பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் பூசிய பழைய டப்பா மானிட்டர் காலத்திலிருந்து வருகிறது. ஸ்கிரீன்சேவர் வந்ததே அந்தத் தொல்லையால்தான்.

ஏன் மஞ்சளில் மாட்டிக்கொண்டது? எங்கள் டிவி பேனலில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம், கூடவே வெள்ளை என்று நான்கு அறைகள். சேனலின் சிவப்புப் பட்டை ஓடும் இடத்தில் சிவப்பு அறை ஓயாமல் எரிந்து களைத்துப்போயிருக்கிறது. மஞ்சள் காட்டுவதற்குச் சிவப்பும் பச்சையும் கூட்டுச் சேர வேண்டும். சிவப்பு பாதி ஆளாக வந்து நின்றால் பச்சை மேலோங்கும். புல்தரையில் சிவப்புக்கு அவ்வளவு வேலை இல்லை, அதனால் அங்கே குட்டு வெளிப்படவில்லை.

இப்போது சுவர் ஸ்விட்ச். இந்தத் தேய்மானம் வரும் என்று டிவி செய்பவர்களுக்கு முதலிலேயே தெரியும். அதனால் டிவிக்குள் ஒரு பராமரிப்பு வேலையை வைத்திருக்கிறார்கள். எல்ஜி ஓலெட்டுகளில், மொத்தமாக நான்கு மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், திரை கருப்பாக இருக்கும்போதே உள்ளுக்குள் சில நிமிஷம் ஒரு சரிபார்ப்பு நடக்கும். சுமார் 2000 மணி நேரத்துக்கு ஒரு முறை பெரிய அளவில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும். எந்தப் புள்ளி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளந்து, அதற்கு ஏற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்வதுதான் வேலை. இது நடக்க வேண்டுமானால் ரிமோட்டில் அணைத்துவிட்டு, பிளக் பாயிண்டில் கரண்டை விட்டுவைக்க வேண்டும். அப்பா மூன்றரை வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் டிவி குளிக்கப் போகும் நேரம் பார்த்து பாத்ரூமுக்குத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்.

மிச்சம் பிடித்த கரண்ட் எவ்வளவு தெரியுமா? ஸ்டாண்ட்பையில் அரை வாட் என்று வைத்து, வருஷம் முழுக்க இருபத்து நான்கு மணி நேரமும் கணக்குப் போட்டாலும் நாலரை யூனிட் வராது. இரண்டு மாத ஈபி பில்லில் அது ஒரு யூனிட்டுக்கும் கீழே. அம்மா ஒரு தடவை கீசரை அணைக்க மறந்தால் போதும், அந்த மிச்சம் போய்விடும். இடி மின்னல் பயம் நியாயமானதுதான். நல்ல இடி இடிக்கும் நாளில் மட்டும், அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கையே பிடுங்குங்கள். தினமும் வேண்டாம்.

அம்மா பக்கமும் ஒரு கதை உண்டு. விடியற்காலையில் யூடியூபில் சாமி பாட்டு போடுவார். முக்கால் மணி நேரமும் பெருமாள் படம் ஒன்றுதான், அசையாது. நியாயமாகப் பார்த்தால் பெருமாள்தான் திரையில் பதிந்திருக்க வேண்டும். ஆனால் பெருமாள் தங்கவில்லை, பிரேக்கிங் நியூஸ்தான் தங்கியது. காரணம் இருக்கிறது. திரை முழுக்க அசைவில்லாமல் நின்றால் டிவி அதைக் கண்டுபிடித்துச் சில நிமிஷத்தில் தானே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். "என்னடா, சாமி மங்கிப்போறார்" என்று அம்மா குறைப்பட்டதுண்டு. நியூஸில் நடுவே ஆட்கள் கையை ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டே இருப்பதால், படம் அசைகிறது என்று டிவி நினைத்துக்கொள்ளும். ஓரத்தில் லோகோ நாள் பூரா முழு வெளிச்சத்தில் எரியும். மெனுவில் லோகோ வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் வசதி இருக்கிறது. எங்கள் டிவியில் அதை ஒருவரும் தொட்டதே இல்லை.

மணிக்கணக்கும் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் அதே சேனல், மூன்றரை வருஷம். 7500 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கனடாவின் ஆர்டிங்ஸ் தளம் 2018-ல் ஆறு ஓலெட் டிவிகளை வரிசையாக வைத்து, தினமும் 20 மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்தது. சிஎன்என் ஓடிய டிவியில் கறை விழுந்தது. வெளிச்சத்தை முழுக்க ஏற்றி அதே சேனலை ஓட்டியதில் இன்னும் மோசம். ஆனால் கால் ஆஃப் டியூட்டி விளையாட்டு ஓடியதில் கண்ணை உறுத்தும்படி ஒன்றும் விழவில்லை. டிவி மாடல் எல்லாம் ஒன்றே, ஓடிய படம்தான் வேறு. அவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வருஷத்தில் செய்ததை அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி மூன்றரை வருஷத்தில் செய்து முடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாதி வெளிச்சத்தில் ஓடும் புள்ளி இரண்டு மடங்கு காலத்துக்கும் மேலேயே உழைக்கும். கடையில் கண்ணைப் பறிக்க 'விவிட்' மோடில் வைத்திருப்பார்கள். அதே மோடில் வீட்டில் ஓட்டினால் மெழுகுவர்த்தியை இரு பக்கமும் கொளுத்தியது போலத்தான். சூடும் எதிரி. கத்திரி வெயிலில் மேற்குச் சுவரில் மாட்டி, ஏசி இல்லாத ஹாலில் பகல் முழுக்க ஓட்டுவது நல்லதில்லை. சென்னை ஈரக்காற்றைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் ஓலெட் கெட்டுவிடும் என்பதால், பேனலை முதலிலேயே இறுக்கி மூடித்தான் அனுப்புகிறார்கள்.

போனிலும் இதே கதைதான். போன மாதம் கத்திப்பாரா பக்கம் ஒரு ஆட்டோவில் போனேன். ஹேண்டில்பார் ஸ்டாண்டில் போன், வெயில் நேராக அடிக்கிறது, வெளிச்சம் முழு அளவில், காலையிலிருந்து ராத்திரி வரை மேப். பணம் அனுப்ப க்யூஆர் காட்டினார். வெள்ளைத் திரையில் கீழே மேப்பின் பட்டையும் பட்டன்களும் ஆவி மாதிரி நின்றன. "ஆப்பை மூடினாலும் மேப்பு போவ மாட்டேங்குது சார்" என்று சிரித்தார். சூடு, வெளிச்சம், அசையாத படம் மூன்றும் ஒரே ஸ்டாண்டில். 2017-ல் கூகுள் பிக்சல் 2 எக்ஸ்எல்லில் வாங்கிய கொஞ்ச நாளிலேயே இந்தப் புகார் எழுந்து, கூகுள் வாரண்டியை இரண்டு வருஷமாக நீட்டியது. போன் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: டார்க் மோட் போடுங்கள். கருப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கிறது, தேய்வதற்கு ஒன்றும் இல்லை. நெட்டுக்குத்தாகப் பச்சைக் கோடு ஒன்று விழுவது வேறு வியாதி, அது இணைப்புக் கோளாறு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புதுசெல்லாம் தேவலையா என்று கேட்டால், தேவலைதான். பெரிய தலைவலி எப்போதும் நீலம். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம், அதை உமிழும் மூலக்கூறுதான் முதலில் உடையும். இப்போது எல்ஜி பேனல்களில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் (அதுவும் ஹைட்ரஜன்தான், கனமான வகை) சேர்த்த பொருளைப் பயன்படுத்துகிறார்கள், அது சுலபத்தில் பிணைப்பை விடாது. 2024 ஐபேட் ப்ரோவில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஒளியடுக்குகள். சுமையை இரண்டு பேர் தூக்குவதால் ஒவ்வொருவருக்கும் பாரம் குறைவு. ஆனாலும் தேயாத ஓலெட் என்று ஒன்று இன்னும் வரவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். படம், சீரியல், கிரிக்கெட், கொஞ்சம் நியூஸ் என்று மாறி மாறி ஓடுகிற வீடாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், ஐந்து வருஷம் தாராளமாக வரும். மாமனார் ஒரே சேனலை ஐந்தாறு மணி நேரம் வைப்பவர் என்றால், ஹாலுக்கு மினி எல்இடி (பின்னால் குட்டிக் குட்டி விளக்குகள் எரியும் எல்சிடி வகை) வாங்கிவிடுங்கள். அல்லது எங்களை மாதிரி அவருக்குத் தனியாக ஒரு 32 இன்ச் சாதா எல்இடி வாங்கிக் கொடுத்து, அதில்தான் சத்தம் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை.

எங்கள் டிவிக்கு அந்தப் பெரிய சரிபார்ப்பை மெனுவில் போய்க் கையால் ஒரு முறை ஓட்டினேன். மூலையில் இருந்த எழுத்து ஓரளவு மங்கியது, பட்டை அப்படியே இருக்கிறது. அடிக்கடி ஓட்டினால் முழுக்கப் போய்விடுமோ என்று ஆசைப்படாதீர்கள், வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்று சோனியே சொல்கிறது. சுவர் ஸ்விட்ச்சின் மேல் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறேன். ஒரு வாரம் தாக்குப்பிடித்தது, பிறகு புது டேப். அப்பாவுக்கு மட்டும் இன்னும் எதுவும் தெரியவில்லை. அவர் சேனலை வைத்ததும் அந்தச் சிவப்புப் பட்டை தன் பழைய தடத்தின் மேலேயே கச்சிதமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. "டிவி நல்லாத்தானே இருக்கு?" என்கிறார்.