தற்காலிக ஆளுக்குப் பதில் இன்னொரு தற்காலிக ஆளா?

கேள்வி: தென்மாவட்ட மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு அடிப்படை பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். விளம்பரம், நேர்காணல் வழியாக கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. எம்.ஏ., நெட் (விரிவுரையாளர் தகுதித் தேர்வு) இரண்டும் உண்டு. ஜூனில் ஆணை தருவார்கள், ஏப்ரலோடு முடிந்துவிடும். மே மாதம் சம்பளம் கிடையாது. இப்போது என் இடத்துக்கே மறுபடி தற்காலிக ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அதை முதல் கோரிக்கையாக வைத்தால் உங்கள் வழக்கு பலவீனமாகிவிடும். உமாதேவி வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தற்காலிகமாகப் பல ஆண்டு வேலை பார்த்ததாலேயே நிரந்தர உரிமை வந்துவிடாது என்று சொல்லிவிட்டது. பிந்தைய தீர்ப்புகள் அதன் கடுமையைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தாலும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அதைத்தான்.

உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தற்காலிக ஆசிரியரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு தற்காலிக ஆசிரியரை வைக்கக் கூடாது. முறையாகத் தேர்வான நிரந்தர ஆசிரியர் வந்தால்தான் அவர் விலக வேண்டும். மத்தியப் பிரதேசக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் தொடர்ந்த மணீஷ் குப்தா வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதிசெய்தது. அவர்களும் முறையான தேர்வு வழியாக வந்தவர்கள். அதனால் அந்த விளம்பரம், நேர்காணல் அழைப்பு, ஆறு வருட ஆணைகள், கால அட்டவணை எல்லாவற்றையும் முதலில் தேடி எடுங்கள். பழைய விளம்பரம் கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாணவர் இல்லை என்று பிரெஞ்சையே நிறுத்திவிட்டால் இந்த வாதம் நிற்காது. மொழிப்பாடத்தில் இது உண்மையான ஆபத்து. உங்கள் இடத்துக்கு மறுபடி ஆள் கேட்டே விளம்பரம் வந்திருப்பது ஒருவகையில் நல்லதுதான்: வேலை இருக்கிறது என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்!

மே மாதச் சம்பளத்துக்கு ரத்தன் லால் வழக்கு (1985). ஹரியானாவில் கோடை விடுமுறைக்கு முன்பு ஆசிரியர்களை அனுப்பிவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் கண்டித்து, விடுமுறைக்கும் சம்பளம் தரச் சொன்னது. சம்பளம் குறைவு என்றால் அதையும் மனுவில் சேருங்கள். குஜராத் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தைத் தரும்படி 2025-ல் உத்தரவானது. அதற்கு நிரந்தர ஆசிரியர் செய்யும் அதே வேலையைச் செய்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். வினாத்தாள் தயாரித்தது, விடைத்தாள் திருத்தியது, தேர்வறைக் கண்காணிப்பு எல்லாம் அதில் வரும்.

தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் கேட்காதீர்கள். ஆசிரியர் 'தொழிலாளர்' வரையறைக்குள் வரமாட்டார் என்று சுந்தராம்பாள் வழக்கில் 1988-லேயே முடிவாகிவிட்டது. உங்களுக்கு வழி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அமைப்பின் செயலை எதிர்த்து அங்கே நேரடியாகப் போடும் மனு. உங்கள் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வந்தால் அங்கேயே.

முதலில் பதிவாளருக்கு எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். பதிலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நேர்காணல் முடிந்து புதியவருக்கு ஆணை போய்விட்டால் அவரையும் வழக்கில் சேர்க்க வேண்டிவரும், இடைக்காலத் தடையும் சுலபமாகக் கிடைக்காது. அப்புறம், அந்த நேர்காணலுக்கு நீங்களும் விண்ணப்பித்துவிடுங்கள், "என் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று ஒரு வரி எழுதி.