சென்னை–சிங்கப்பூர்: போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரமா?

கேள்வி: சென்னையிலிருந்து சிங்கப்பூர் விமானத்தில் எத்தனை கிலோமீட்டர்? டிக்கெட்டில் இரவு 11.15-க்குக் கிளம்பி காலை 6.00-க்கு இறங்குகிறது. திரும்பும்போது மாலை 6.00-க்கு ஏறினால் 7.45-க்கே சென்னை வந்துவிடுகிறது. எது சரி?

இரண்டுமே சரி, இரண்டும் 4 மணி 15 நிமிடம்தான். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது 6.45-இல் 2.30-ஐக் கழியுங்கள், வரும்போது 1.45-உடன் 2.30-ஐக் கூட்டுங்கள். (1981 வரை இந்த இடைவெளி இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள்.)

மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால், சுமார் 2,925 கி.மீ. விமானிகள் கணக்கில் ஏறக்குறைய 1,580 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ. இந்த 1,580-ஐச் சாதாரண மைல் என்று எடுத்துக்கொண்டு பெருக்கினால் கிட்டத்தட்ட 400 கி.மீ. காணாமல் போய்விடும். இணையத்தில் ஆளுக்கொரு தூரம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நேரம். ஏ320 ரக விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். 2,925-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்த வேகம் வராது. வான்வழித்தடமும் நேர்கோடாக இருக்காது, சற்று வளைந்துதான் போகும். இதற்கெல்லாம் ஒரு கால் மணி. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு வருவது, இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு கால் மணி, கூட்ட நேரத்தில் அரை மணி. டிக்கெட் நேரத்தில் இவ்வளவும் அடக்கம். அதனால்தான் விமானி "பறக்கும் நேரம் 3 மணி 45 நிமிடம்" என்று அறிவித்தால் அது டிக்கெட்டோடு ஒத்துப்போவதில்லை.

'கிழக்கே போனால் காற்று தள்ளும், சீக்கிரம் போய்விடலாம்' என்பார்கள். வடக்கே, மேலைக்காற்று வீசும் பகுதியில் அது சரி. நம் பக்கம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் மேற்கிலிருந்து காற்றடித்தாலும், விமானம் பறக்கும் உயரத்தில் கிழக்கிலிருந்து பலமாக வீசும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் சிங்கப்பூர் போவதற்குத்தான் சில நிமிடம் கூடும், வருவதற்குக் குறையும்.

தூரத்தைவிட அதிகம் பேர் கோட்டைவிடுவது தேதியில். 15-ஆம் தேதி 00.30 என்று இருந்தால், 14-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.