வலி இல்லாத அழற்சி

கேள்வி: ஐயா, இருபது ஆண்டுகள் ரப்பர் பால்வெட்டு வேலை செய்த நான் இப்போது கடையில் உட்கார்ந்திருக்கிறேன். எடை 66 கிலோதான். ஆனால் வயிறு தள்ளிவிட்டது, சர்க்கரையும் வந்துவிட்டது. வயிற்றுக் கொழுப்பால் உடலுக்குள் அழற்சி இருக்கிறது என்கிறார் மருத்துவர். காய்ச்சலோ வலியோ இல்லாத எனக்கு அது எப்படி வரும்?
– வாசகர், குலசேகரம்

பதில்: காலில் முள் தைத்த இடம் சிவந்து வீங்குவதும் அழற்சிதான், ஆனால் உங்கள் மருத்துவர் சொல்வது, உமிக்குள் கிடக்கும் கனலைப் போல ஆண்டுக்கணக்கில் தணியாமல் நீடிக்கும் மெல்லிய அழற்சி.

கொழுப்புத் திசுவை, மிஞ்சிய உணவைச் சேர்த்து வைக்கும் பத்தாயமாகவே மருத்துவ உலகம் நெடுநாள் கருதியிருந்தது. பருத்த எலிகளின் கொழுப்பில் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதம் மிகுந்திருப்பது 1993இலும், பசி அடங்கியதை மூளைக்குத் தெரிவிக்கும் லெப்டின் ஹார்மோன் அங்கேயே சுரப்பது ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினரால் 1994இலும் கண்டறியப்பட்ட பின்னரே, அது ஒரு சுரப்பியாகவும் மதிக்கப்பட்டது.

கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறிப் பருக்கும்போது அவற்றுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. சில செல்கள் மடிகின்றன. அவற்றை அகற்ற வரும் மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் அங்கேயே தங்கி, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்றவற்றை வெளியிட, தசையும் கல்லீரலும் இன்சுலினின் கட்டளையை ஏற்பது குறைந்து, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிப்போனெக்டின் என்னும் ஹார்மோனோ, கொழுப்பு கூடக் கூடக் குறைந்துபோகிறது. இந்த இழப்பையே நான் பெரிதாக எண்ணுகிறேன். லெப்டின் மிகுதியாகச் சுரந்தும் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை என்பதால், பருத்தவர்களை வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று ஏசுவது நியாயமே அல்ல.

எடை குறைவாக இருந்தும் உங்களுக்குச் சர்க்கரை வந்ததில் வியப்பில்லை. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து வரும் இரத்தம் நேரே கல்லீரலுக்குச் செல்வதால், மொத்த எடையைவிட அக்கொழுப்பே கூடுதல் தீங்கு செய்கிறது. நம் நாட்டவரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்புச் சுற்றளவின் எல்லை.

மருந்தை நிறுத்தாமல் நாள்தோறும் வேகமாக நடங்கள். உழைக்கும் தசை இன்சுலினை அவ்வளவாக எதிர்பாராமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். மரச்சீனிக் கிழங்கைக் குறைத்து, சாளை மீனையும் காய்கறியையும் கூட்டிக்கொள்ளுங்கள். மீனைப் பொரிக்காமல் குழம்பாக வைப்பது நல்லது. அடுத்த முறை மருத்துவரிடம் எடையோடு இடுப்பையும் அளந்து குறிக்கச் சொல்லுங்கள்: மூச்சை வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவை வைக்க வேண்டும்.