இத்துப்போன பட்டும் எடைக்கு வந்த ஓவியமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, யாரோ கட்டிப் போட்ட காட்டன் புடவை ஒன்றை 350 ரூபாய்க்கு ஆசையாக வாங்கி வந்தேன். 'செத்தவங்க துணியோ என்னவோ, வீட்டுக்குள்ள கொண்டு வராதே' என்று அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். எப்படிச் சமாளிப்பது?
– கல்லூரி மாணவி, அம்மாப்பேட்டை, சேலம்

சண்டை போடாதீர்கள். 'நான் பிறந்ததும் என்னை எதில் சுத்தினீங்க?' என்று மட்டும் கேளுங்கள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்று தாத்தாவின் பழைய வேட்டியையோ பாட்டியின் நூல் புடவையையோ கிழித்துத்தானே நம் வீடுகளில் சுற்றுகிறார்கள், பல தடவை துவைத்த துணிதான் பிள்ளையின் தோலை உறுத்தாது என்பதால். அப்புறம், பழைய துணியைப் போட்டுப் பாத்திரமும் பிளாஸ்டிக் குடமும் வாங்குகிறோமே, அந்த மூட்டை எங்கே போகிறது என்று நினைக்கிறார் உங்கள் அம்மா? நல்லதாகப் பிரித்தெடுத்ததை யாரோ ஒருவர் துவைத்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

காட்டன்தானே, சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் ஊறவைத்து அலசி, இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். சாமி படத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி வைத்து எடுங்கள், பாதி எதிர்ப்பு அதிலேயே போய்விடும். என் அம்மா மூன்று மாதம் அசையவில்லை. நாலாம் மாதம் ஒரு கல்யாணத்துக்கு அதே மாதிரி நான் வாங்கிவந்த புடவையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கேள்வி: பழைய பட்டுப்புடவை விற்கும் இடத்தில் எல்லாமே ஒரிஜினல் ஜரிகை என்கிறார்கள். நாமே கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

வெள்ளி வேலைக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டையில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்கள்! சரி, சொல்கிறேன். இந்த விஷயத்தில் எங்கள் வீடு ஏமாந்த வீடு. 'பழைய பட்டு, கிழிஞ்ச பட்டு, ஜரிகை வாங்கறோம்' என்று தெருவில் கூவி வந்தவரிடம் என் அத்தை தன் முகூர்த்தப் புடவையையும் சேர்த்து மூன்று புடவைகளை 900 ரூபாய்க்குப் போட்டுவிட்டார். பழைய ஜரிகையை உருக்கினால் வெள்ளி கிடைக்கும், வாங்கியவர் கணக்கு அதுதான் என்பது எங்களுக்கு உறைக்கவே ஒரு வருஷம் ஆயிற்று.

புடவையை முதலில் திருப்பிப் போட்டு உள்பக்கம் பாருங்கள். முந்தியின் ஓரத்தில் எப்படியும் ஒரு இழை பிரிந்து நிற்கும். நல்ல ஜரிகை என்றால் நடுவில் பட்டு நூல், பெரும்பாலும் சிவப்புச் சாயம் போட்டது. அதன் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியிருப்பார்கள். அந்த இழையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் வெள்ளை தெரிய வேண்டும். செம்பு நிறம் எட்டிப்பார்த்தால் அது செம்புக் கம்பி ஜரிகை. நாடா மாதிரி வழவழவென்று உரிந்து வந்தால் பிளாஸ்டிக். நடுநூல் சிவப்பாக இருப்பதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், சாயம் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் உங்கள் தெருவிலேயே வெள்ளி வேலை செய்கிறவர் யாரிடமாவது அந்த ஒரு இழையைக் காட்டுங்கள்.

பட்டு நூலா என்பதற்கும் இழைதான் சாட்சி. கொளுத்தினால் முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி மணி மாதிரி கெட்டியானால் பாலியஸ்டர். (கடைக்காரர் முன்னால் தீப்பெட்டியை எடுக்காதீர்கள், நான் எடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.)

இத்தனையும் தேறி, புடவை இத்துப்போயிருந்தால் பிரயோஜனம் இல்லை. மடிப்பு விழுந்த இடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கனத்த ஜரிகைக் கரையும் மெல்லிய உடலும் சேருகிற இடத்தில்தான் முதலில் விட்டுப்போகும். அங்கே மெதுவாக இழுத்தால் 'பர்ர்' என்றால், கட்டுவதற்கு வாங்காதீர்கள், பாவாடை தைக்கவோ குஷன் உறை போடவோ அடிமாட்டு விலைக்குக் கேளுங்கள். வாங்கி வந்தபின் வேறு மடிப்பில் மடித்து, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். நாப்தலின் உருண்டை ஜரிகையில் படக்கூடாது, வசம்பு போதும். சென்ட்டைப் புடவை மேல் அடிக்கவே அடிக்காதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. பழைய ஸ்வெட்டர் வாங்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

தாராளமாக. அக்குளும் முழங்கையும் தேயாமல் இருந்தால் எடுத்துவிடுங்கள். கம்பளியை வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தபின் அது சுருங்கிப்போய் உங்கள் அக்கா பையனுக்குத்தான் சரியாக இருக்கும்.

கேள்வி: சமீபத்தில் உங்களை மிகவும் கவர்ந்த ஓவியர் யார்?
– வாசகர், ஓமலூர்

'சமீபத்தில்' என்கிறீர்கள், அவர் 1983-லேயே காலமாகிவிட்டார். சேலம் குகைப் பகுதியில் ஒரு பழைய பேப்பர் கடையில், தையல் பிரிந்த பைண்டிங் புத்தகம் ஒன்று எடைக்கு வந்திருந்தது. யாரோ ஒரு வீட்டம்மா விகடனில் வந்த தொடர்கதையை வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. கதை எனக்குப் பிடிக்கவில்லை, சுத்த அழுமூஞ்சி. ஆனால் தாளைத் திருப்பினால் சில இடங்களில் பின்பக்கத்தில் கோயில் சிற்பங்கள், கோட்டோவியமாக! கதைக்காகக் கிழித்த தாளில் ஒட்டிக்கொண்டு வந்தவை. கையெழுத்து: சில்பி. ஐம்பது ரூபாய் கொடுத்தேன், கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சில்பி நம்ம ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடலாம். 1919-இல் நாமக்கல்லில் பிறந்தவர், அப்போது அது சேலம் மாவட்டம்தான், 1997-இல்தான் பிரிந்தது. இயற்பெயர் சீனிவாசன். ஓவியமும் தெரிந்த நாமக்கல் கவிஞர்தான் அவரைச் சென்னை ஓவியப் பள்ளிக்குப் போகச் சொன்னவர். சில்பி என்று பெயர் வைத்தது விகடன் ஓவியர் மாலி. 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், அங்கேயே உட்கார்ந்து வரைந்திருக்கிறார். கல்லில் விழுகிற நிழலைக்கூடக் கோடுகளாலேயே கொண்டுவந்துவிடுகிறார், என் போனில் எடுத்த படம் அதற்குப் பக்கத்தில் சப்பையாகத் தெரிகிறது.

அந்தச் சூட்டோடு தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன், இருபது வருஷத்துக்கு அப்புறம். வாலியை மறைந்திருந்து அடிக்கிற ராமர் தூண் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராமர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி பக்கம் போய் நின்று பார்த்தால் ராமர் தெரியமாட்டார். சின்ன வயதில் இதை ஒரு வேடிக்கையாக ஓடி ஓடிப் பார்த்தேன். இந்தத் தடவை நோட்டும் பென்சிலும் கொண்டுபோய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். வரைந்தது கேவலமாக வந்தது, அதை விடுங்கள். ஆனால் வாலியின் இடுப்புத் துணியில் எத்தனை மடிப்பு என்று அன்றைக்குத்தான் எண்ணினேன். மேற்குப் பார்த்த கோயில், அதனால் சாயங்காலம் போங்கள்.

கேள்வி: பாட்டி வீட்டில் கண்ணாடி போட்ட ரவிவர்மா லட்சுமி படம் இருக்கிறது. புடவையில் நிஜ ஜரிகையும் சம்கியும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். படத்தைக் கெடுத்துவிட்டார்களே, இனி மதிப்பு இருக்குமா?
– வாசகி, அழகாபுரம்

ஐயோ, பிரித்துவிடாதீர்கள்! அது கெடுத்த படம் இல்லை, அந்தக் காலப் பெண்கள் ஆசையாக உட்கார்ந்து செய்த அலங்காரம், அதைத் தேடி வாங்குகிறவர்களே இருக்கிறார்கள். ரவிவர்மா அச்சகம் 1894-இல் மும்பையில் தொடங்கி, பிறகு லோனாவாலா பக்கம் மாறியது. படத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் வரி இருக்கிறதா என்று பாருங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வரிசை வரிசையாக ஒரே மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் பிற்கால மறுபதிப்பு. அப்படியே இருந்தாலும் ஜரிகை ஜரிகைதானே. உங்கள் பாட்டியின் அம்மா கட்டிய புடவையிலிருந்து வெட்டியதாகக்கூட இருக்கலாம், பாட்டியிடம் இன்றைக்கே கேளுங்கள்.

கேள்வி: பழசில் கிடைத்த வெள்ளைச் சட்டை, முதல் நாளே தட்டுவடை செட் (பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்த தட்டை) கொட்டி பீட்ரூட் கறை. போகுமா?
– வாசகர், ஐந்து ரோடு

உடனே பச்சைத்தண்ணீரில் அலசியிருந்தால் போயிருக்கும். மஞ்சள் கறையும் இருந்தால் துவைத்து வெயிலில் போடுங்கள், அது வெயிலில் வெளுத்துவிடும். பீட்ரூட் அப்படியும் போகவில்லை என்றால் சட்டைக்கே சிவப்புச் சாயம் போட்டுவிடுங்கள். காரச் சட்னி கொட்டினாலும் தெரியாது.