பழைய மரவேலை இயந்திரம் வாங்கலாமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: தரமான பழைய இயந்திரங்கள் பாதி விலைக்கும் கீழே கிடைப்பதாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கும் விளம்பரங்களில் எல்லாமே புதுசின் விலையை ஒட்டித்தான் இருக்கிறது. எங்கே தேட வேண்டும்?

பதில்: விலை சும்மா இறங்காது. விற்பவருக்குத் தலைவலியாக இருக்கும் ஒன்று உங்களுக்குச் சமாளிக்கக்கூடியதாக இருந்தால்தான் லாபம். பெரும்பாலும் அந்தத் தலைவலி நான்கில் ஒன்றாக இருக்கும்: இடத்தைக் காலி செய்யும் அவசரம், தூக்க முடியாத எடை, த்ரீ ஃபேஸ் மோட்டார், துரு. இந்த நான்கும் சேர்ந்த இயந்திரத்தின் பக்கம் பொழுதுபோக்குக்காக மரவேலை செய்பவர்கள் போகவே மாட்டார்கள். விலை விழுவது அங்கேதான்.

மூடப்படும் பட்டறைகள், மரவேலை வகுப்பை நிறுத்தும் பள்ளிகள், தொழிலை விட்ட தச்சர்களின் குடும்பங்கள் ஆகிய இடங்களைத் தேடுங்கள். விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ரம்பத்துக்குச் சாணை பிடிப்பவரையும் மோட்டாருக்குக் காயில் கட்டுபவரையும் கேட்டு வையுங்கள். எந்தப் பட்டறை ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். இணைய விளம்பரங்களில் சரியான பெயரைப் போட்டுத் தேடினால் விவரம் தெரிந்தவர்கள் போட்டவைதான் வரும். ‘பழைய ரம்ப மிஷின்’, ‘மரம் இழைக்கிற மிஷின்’ என்று தேடிப் பாருங்கள். பெயர் தெரியாமல் விற்பவருக்குப் பெரும்பாலும் சந்தை விலையும் தெரிந்திருக்காது.

ஏலத்துக்குப் போவதாக இருந்தால் விதிமுறைகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள். ஏல நிறுவனத்தின் கமிஷன், வரி, குறிப்பிட்ட நாளுக்குள் இயந்திரத்தை அகற்றும் நிபந்தனை, மின் இணைப்பைத் துண்டிக்கும் செலவு எல்லாம் பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் விழும்.

கேள்வி: ஒரு பேண்ட்சா (இரு சக்கரங்களில் பட்டைபோல் ஓடும் ரம்பம்) பார்த்து வைத்திருக்கிறேன். மேசை முழுக்கத் துரு. பெயின்ட் உரிந்து கிடக்கிறது. படத்தைப் பார்த்த நண்பர்கள் ‘காயலான் கடைச் சரக்கு’ என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: துருவுக்காக விட வேண்டாம். மண்ணெண்ணெய் தொட்டு, கூர்மையான சுரண்டு தகட்டை மேசையோடு படுத்தாற்போல் பிடித்து ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டிப் பாருங்கள். அடியில் சாம்பல் நிற உலோகம் சமமாகத் தெரிந்தால் அது மேல்துருதான். ஒரு நாள் வேலை. நகத்தை ஓட்டும்போது குழி குழியாகத் தட்டுப்பட்டால் துரு உள்ளே தின்றிருக்கிறது. பேண்ட்சா மேசையில் அதுவும் பெரிய குறையல்ல, மரம் அதன்மேல் வழுக்கிப் போகும். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் ஈரமாக்கிச் சுரண்டுங்கள்.

நீங்கள் தேட வேண்டியது விரிசலை. வார்ப்பிரும்பு வளையாது, உடைந்துவிடும். உடைந்ததை வெல்டிங் செய்தால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடுவது வழக்கம். பேண்ட்சாவில் மூன்று இடங்களை விடாமல் பார்க்க வேண்டும்: சக்கரத்தின் ஆரங்கள் நடுக் குடத்தோடு சேரும் இடம், மேல் சக்கரத்தைத் தாங்கும் நகர்ப்பகுதி, மேசையைச் சாய்க்கும் அரைவட்டத் தாங்கி.

பெயின்ட் கோடா, விரிசலா என்று சந்தேகம் வந்தால் பழைய முறை ஒன்று இருக்கிறது. அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் ஊற விடுங்கள். மேலே துளி ஈரம் இல்லாமல் துடைத்து, சாக்குக்கட்டியைப் பொடித்து மெல்லத் தூவுங்கள். விரிசலாக இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெளியே வரும். வெள்ளைப் பொடியின்மேல் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கருங்கோடு சில நிமிடங்களில் எழும். பெயின்ட் கோடாக இருந்தால் பொடி வெள்ளையாகவே இருக்கும். சக்கரத்திலோ தாங்கியிலோ அந்தக் கோடு எழுந்தால், விலை என்னவானாலும் வேண்டாம்.

மற்றவை எல்லாம் மாற்றக்கூடியவை. சக்கரத்தின் ரப்பர் பட்டை காய்ந்து வெடித்திருக்கும், புதுசு போட்டுக்கொள்ளலாம். பிளேடை இறுக்கிப் பிடிக்கும் இழுவை ஸ்பிரிங் முழுக்க நசுங்கியிருந்தால் அதுவும் புதுசு. பேரிங் கரகரத்தால் அதன் ஓரத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6205 என்றால் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மி.மீ. அந்த எண்ணைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். பிளேடு நீளம் தெரியாவிட்டால் சக்கர விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, இரு சக்கர மையங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தின் இரு மடங்கைக் கூட்டுங்கள். விட்டம் 500, மையத் தூரம் 1,050 மி.மீ. என்றால் 1,570 + 2,100 = 3,670 மி.மீ. மேல் சக்கரத்தை, அது மேலும் கீழும் நகரும் தூரத்தின் நடுவில் நிறுத்திவிட்டு அளக்க வேண்டும்.

கேள்வி: பலகையின் முகத்தையும் ஓரத்தையும் நேராக்கும் ஜாயின்டர் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். கையில் என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: நம்பிக்கையான ஒரு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (துல்லியமாக நேராக இருக்கும் பட்டை), மேசை நீளத்தில் பாதிக்குக் குறையாததாக. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபீலர் கேஜ் செட். ஒரு டார்ச். மற்ற இயந்திரங்களைவிட ஜாயின்டரை அதிகச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அதன் இரண்டு மேசைகளும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் எவ்வளவு கூர்மையான பிளேடு போட்டாலும் பலகை நேராகாது.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பலகை உள்ளே போகும் முன்மேசையை, அது வெளியே வரும் பின்மேசையின் உயரத்துக்கு ஏற்றுங்கள். பிளேடு நுனிகள் பின்மேசையைவிட மேலே தெரியாதபடி, பிளேடுகள் பூட்டிய கட்டர் பிளாக்கைச் சுழற்றி வையுங்கள். ஸ்ட்ரெய்ட் எட்ஜைப் பின்மேசைமீது படிய வைத்து மறுபாதியை முன்மேசைக்கு மேல் நீட்டிவிட்டு, அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். இடது ஓரம், வலது ஓரம், பிறகு குறுக்கு மூலைகள். எங்கும் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் மிக நல்ல இயந்திரம். 0.25 வரை போனாலும், மேசை ஏறி இறங்கும் சரிவுத் தடத்தில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். வெளிமுனை தாழ்ந்திருந்தால் தடத்தின் கீழ்ப்பகுதியில் தகடு வர வேண்டும். மேசைகளின் வெளிமுனைகள் தொங்கிய இயந்திரத்தில் இழைத்த இரண்டு பலகைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். விற்பவர் ஓட்டிக் காட்ட ஒப்புக்கொண்டால் இந்தச் சோதனையையும் செய்துவிடுங்கள்.

மேசையே முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது ஒரே மேசையில் ஒரு குறுக்கு மூலையில் இடைவெளி காட்டி மறு குறுக்கில் ஆடினால், தகடு வைத்துப் பயனில்லை. கிரைண்டிங் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், செலவு லாபத்தை விழுங்கிவிடும்.

கேள்வி: மிகப் பழைய ஜாயின்டர் ஒன்றில் கட்டர் பிளாக் சதுரமாக இருக்கிறது. பேரிங்குக்குப் பதில் ஏதோ வெள்ளை உலோகம் ஊற்றியிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வெள்ளை உலோகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அது பேபிட், வெள்ளீயமோ காரீயமோ கலந்த மென்கலவை. ஒழுங்காக எண்ணெய் விட்டால் நெடுங்காலம் உழைக்கும். ஷாஃப்டை மேலே நெம்பிப் பார்த்து ஆட்டம் தெரிந்தால், மூடியின் அடியில் அடுக்கியிருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றிரண்டை எடுத்தால் இறுகும். முற்றிலும் தேய்ந்திருந்தால் புதிதாக ஊற்றிக்கொள்ளலாம்.

சதுர கட்டர் பிளாக் வேண்டவே வேண்டாம். சதுரத்தின் தட்டை முகத்துக்கும் மேசை விளிம்புக்கும் நடுவில் விரல் முழுசாக உள்ளே போகும் அளவுக்குப் பள்ளம் விழும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருளை வடிவ பிளாக் வந்து இதை ஒழித்துக்கட்டியதே விரல்கள் போனதால்தான். அழகுக்காக வைப்பதென்றால் வாங்குங்கள், ஓட்டாதீர்கள்.

கேள்வி: வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். விரும்பிய டேபிள் சாவில் (மேசை நடுவே வட்ட ரம்பம் நிற்கும் இயந்திரம்) 3 குதிரைத்திறன் த்ரீ ஃபேஸ் மோட்டார். மோட்டாரை மாற்றிவிடுவதா?

பதில்: முதலில் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். அதில் 230/400 என்று இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. சிங்கிள் ஃபேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸாகத் தரும் வி.எஃப்.டி. என்ற மின்னணுக் கருவி ஒன்று போட்டு, மோட்டாரின் இணைப்பை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு (காயில்களை இணைக்கும் இரு முறைகள் இவை) மாற்றினால் போதும். முழுத் திறனும் கிடைக்கும், மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிறுத்தவும் முடியும். குதிரைத்திறனைப் பார்த்து வி.எஃப்.டி. வாங்காதீர்கள்; டெல்டாவுக்கு எழுதியிருக்கும் ஆம்பியரைத் தாங்குமா, சிங்கிள் ஃபேஸ் உள்ளீட்டுக்கென்று செய்ததா என்று பாருங்கள். இயந்திரத்தின் பழைய சுவிட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் விடக் கூடாது. ஓடும்போது அதை அணைத்தால் வி.எஃப்.டி. எரியக்கூடும்.

தகட்டில் 400/690 என்று இருந்தால் டெல்டாவுக்கே 400 வோல்ட் வேண்டும். 230 கொடுத்தால் இழுவிசை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். மூன்றே முனைகள்தான் வெளியே வருகின்றன, ஸ்டார் முடிச்சு உள்ளேயே கட்டியிருக்கிறது என்றால், காயில் கட்டுபவர் அதைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுத்துத் தருவார். இந்த இணைப்பு வேலைகளை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் காயிலின் காப்பு 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், ஈரம் இழுத்திருக்கலாம். காய வைத்து மறுபடி அளந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சில பழைய கனரக இயந்திரங்களில் மோட்டாரின் ஷாஃப்டிலேயே ரம்பமோ கட்டரோ பூட்டியிருக்கும், பெல்ட்டே இருக்காது. அந்த மோட்டார் எரிந்திருந்தால் கடையில் விற்கும் மோட்டார் எதுவும் பொருந்தாது. மறுபடி காயில் கட்டும் கூலியை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

கேள்வி: மரக்கடைசல் லேத்தில் எதைப் பார்ப்பது?

பதில்: இரு பக்கமும் கூர்முனை செருகி, நகரும் பக்கமான பின்தலையை நகர்த்தி இரு முனைகளையும் முத்தமிட வையுங்கள். ஊசிமுனைகள் ஒன்றையொன்று நேராகத் தொட வேண்டும். பிறகு மரத்தைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மரையை அளந்துகொள்ளுங்கள். 1 அங்குலத்தில் அங்குலத்துக்கு 8 புரி, அல்லது 33 மி.மீ.யில் 3.5 மி.மீ. புரி இருந்தால், மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்குகள் எளிதில் கிடைக்கும். வேறு விசித்திர அளவாக இருந்தால் ஒவ்வொரு சக்குக்கும் தனி அடாப்டர் கடைய வேண்டிவரும்.

கேள்வி: ஃபென்ஸும் (மரத்தை நேராகத் தள்ள உதவும் பக்க வழிகாட்டி) மைட்டர் கேஜும் (கோணத்தில் குறுக்கே அறுக்க உதவும் வழிகாட்டி) இல்லாத ஒரு டேபிள் சா. விலை மிகக் குறைவு. எவ்வளவு வரை கொடுக்கலாம்? எப்படிக் கொண்டுவருவது?

பதில்: நல்ல நிலையில் ஓடும் இதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். இல்லாத பாகங்கள், பெல்ட், பேரிங், சுவிட்ச், வண்டிக் கூலி, ஆள் கூலி. மிஞ்சுவதுதான் உங்கள் உச்சவிலை. இல்லாத பாகங்களுக்கு எப்போதும் நினைத்ததைவிட அதிகம் ஒதுக்குங்கள். 1939இல் வந்து பல பத்தாண்டுகள் தயாரிப்பில் இருந்த டெல்டா நிறுவனத்தின் யூனிசா போன்ற டேபிள் சா மாடலுக்கு உதிரிகளைத் தேடிப் பிடிக்கலாம், பிற நிறுவனங்களின் ஃபென்ஸையும் பூட்டலாம். கொஞ்ச காலமே வந்து நின்றுபோன மாடலுக்கு, ரம்பத்தைச் சாய்க்கும் பல்சக்கரம் ஒன்று உடைந்தாலும் புதிதாக வெட்டித்தான் ஆக வேண்டும். சாம்பல் நிறத்தில் இருக்கும் துத்தநாக வார்ப்புக் கைப்பிடிகளையும் தாங்கிகளையும் தட்டிப் பாருங்கள், பழையவற்றில் சில பிஸ்கட் போல உதிரும்.

அறுபட்ட மரம் ரம்பத்தைக் கவ்வாமல் தடுக்கும் பின்கத்தியும் பிளேடு மூடியும் இல்லை என்றால், அவற்றைச் செய்து பூட்டும் செலவையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடத் தொடங்காத சுவிட்சும் அவசியம்.

ஏற்றும்போது பக்க மேசைகளைக் கழற்றிவிடுங்கள். பிளேடை எடுத்துவிட்டு ஷாஃப்டை நேர்நிலைக்குக் கொண்டுவந்து கீழே இறக்குங்கள். பலர் தவறவிடுவது மோட்டாரை. பெட்டிக்குள் அது ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் அத்தனை எடையும் அதைத் தாங்கும் வார்ப்பை அடிக்கும், வீட்டுக்கு வந்து திறந்தால் விரிசல் விட்டிருக்கும். மோட்டாரைக் கழற்றித் தனியே ஏற்றுங்கள். முடியாவிட்டால் அதன் அடியில் இறுக்கமாக ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, ஆடாதபடி கயிற்றால் கட்டிவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.